மைக் குத்தத் துளை இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்

"போட்டோவும் நல்லா வரணும், வீடியோவும் நல்லா வரணும், ரெண்டாயிரம் வெள்ளிக்குள்ள முடியணும். எதை வாங்கலாம்ணே?"

மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் கேமரா பற்றி என்னிடம் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்க நினைக்கும் பையன்கள் மட்டுமல்ல, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், பாட்டியின் பேச்சைப் பதிந்து வைக்க ஆசைப்படும் பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். எத்தனை மெகாபிக்சல், 4கே இருக்கா, எந்த பிராண்டு என்று கேள்விகள் வரிசையாக வரும். நான் சொல்லும் முதல் பதில் எல்லோருக்கும் ஒன்றுதான். வெளி மைக் குத்த 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை வைத்துவிட்டு அடுத்த கேமராவைப் பாருங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இந்த ஊர்தான். நம்மைச் சுற்றி எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று தோட்டங்கள். பால்மரம், அதாவது ரப்பர் நின்ற காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் மலிவு வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் பிறந்தது. புத்தகத்தில் அது ஒரு பத்தி. அப்போது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு நெருங்குகிறது. அந்தக் காலத்தில் முள்வேலி போட்ட குடியிருப்புக்குள் வளர்ந்தது எப்படி இருந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் ம.இ.கா. கட்சித் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்தன. அந்தச் சங்கத்தில் பங்கு வாங்கிய தாத்தாக்கள் இன்னும் சிலர் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் பதிய வேண்டியது இவர்கள் பேச்சை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நாளைக்குப் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் அந்த வீடியோவை யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் மைக் எதைப் பிடிக்கும் தெரியுமா? லென்ஸ் உள்ளே மோட்டார் நகரும் சத்தம், நம் விரல் உரசும் சத்தம், மேலே சுற்றும் ஃபேன், வெளியே போகும் மோட்டார் சைக்கிள். ஆறடி தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பேசும் பாட்டியின் குரல் இதற்கெல்லாம் பின்னால் எங்கோ கேட்கும். ஒலி அளவை ஆட்டோவில் விட்டால் நிலைமை இன்னும் மோசம். பாட்டி பேச்சை நிறுத்தி யோசிக்கும்போது கேமரா தானாகவே ஒலி அளவைக் கூட்டும். ஃபேன் சத்தம் அலைபோல் எழும்பி வரும்.

நான் பயன்படுத்துவது சட்டையில் குத்தும் போயா பிஒய்-எம்1 என்ற மலிவு மைக். 6 மீட்டர் கம்பி, உள்ளே பட்டன் மாதிரி எல்ஆர்44 பேட்டரி ஒன்று, நடுவில் சின்னப் பெட்டியில் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் கைத்தொலைபேசிக்கு, மறு பக்கம் கேமராவுக்கு. கேமராவில் குத்தினால் சுவிட்சையும் கேமரா பக்கம் தள்ள வேண்டும். முடிந்ததும் மறக்காமல் பழைய பக்கத்துக்கே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி தீர்ந்துவிடும். கிளிப்பைச் சேலை முந்தானையில் மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். தாலிக்கொடியோ சங்கிலியோ உரசாத இடமாகப் பாருங்கள். அந்த உரசல் ஒலிப்பதிவில் கேட்டால் மணல் கொட்டுவதுபோல் இருக்கும், பிறகு எடுக்கவே முடியாது.

பால் வெட்டிய பாட்டி ஒருவரிடம் இப்படித்தான் உட்கார்ந்தேன்.

"பாட்டி, ஃபேனைக் கொஞ்சம் நிப்பாட்டிக்கவா? சத்தம் விழுது."

"நிப்பாட்டுய்யா. காட்டுல என்ன ஃபேனா இருந்துச்சு?"

அப்புறம் அவர் பெரட்டுக்கு, அதாவது விடிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து ஓடியதிலிருந்து ஆரம்பித்தார். விடியும் முன்னே ஏன் வெட்ட வேண்டும் என்றால், குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். அதைச் சொல்லிக்கொண்டே கையில் கத்தி இருப்பதுபோல் பிடித்து, பட்டையில் கோடு இழுக்கும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். "சர்ர்ர்ரக்" என்று ஒரு இழுப்பு, கடைசியில் சின்னதாக ஒரு வெட்டு. பால் பிடிக்கும் மங்குக்குள் முதல் சொட்டு விழுகிற சத்தத்தையும் நாக்கைத் தட்டிச் செய்தார். அந்த இரண்டு சத்தமும் பதிவில் அவ்வளவு சுத்தமாக இருக்கின்றன. இதற்காகத்தான் மைக் துளை, மைக் துளை என்கிறேன். இரண்டாம் கைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சோனி ஏ6000 நல்ல கேமரா. 2014-இல் வந்தது, 24 மெகாபிக்சல், போட்டோவுக்கு இன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் மைக் துளை இல்லை. கேமராவின் மேலே ஃபிளாஷ் மாட்டும் ஷூ என்ற இடத்தில் சோனியின் சொந்த மைக்கைத்தான் மாட்ட வேண்டும். போட்டோ மட்டும் எடுப்பவர் தாராளமாக வாங்கட்டும்.

அடுத்தது வெளிச்சம். திருவிழா இரவில், பூச்சட்டி இரவில், லயத்து வீட்டில் ஒற்றை டியூப் லைட்டில், இங்கே நாம் எடுப்பதெல்லாம் இருட்டில்தான். அதனால் உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சாரின் அளவு முக்கியம், மெகாபிக்சல் அவ்வளவு முக்கியமில்லை. மழையில் பால் மங்கு ஒன்றையும் அண்டா ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதில் அதிகம் தண்ணீர் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். ஒரு இஞ்ச் என்று சொல்லப்படும் சென்சார் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3-க்கு 13, ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5-க்கு 15.6, கெனனில் கொஞ்சம் குறைவு. ஃபுல் ஃபிரேம் 36-க்கு 24, அது நம் பட்ஜெட்டில் வராது, விட்டுவிடுவோம். 16 மெகாபிக்சல் என்று கேட்டதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஃபுல் எச்டி வீடியோவுக்குத் தேவை ஏறக்குறைய 2 மெகாபிக்சல், 4கே-வுக்கு 8.

இருட்டில் சென்சாரைவிடவும் கைகொடுப்பது லென்ஸ். கூடவே தரும் 18-55 லென்ஸை 50-க்கு ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப்/5.6 ஆகிவிடும் (இந்த எண் கூடினால் திறப்பு சிறிதாகும்). அதே இடத்தில் மலிவான 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதனால் 2,000 வெள்ளி இருந்தால் எல்லாவற்றையும் கேமரா மேலேயே கொட்டாதீர்கள். பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), ஒரு எஃப்/1.8 லென்ஸ், ஒரு மைக், இரண்டாவது பேட்டரி. புதுப் பளபளப்பான பாடியை வாங்கிவிட்டு மைக்குக்குக் காசில்லாமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, இதை இங்கே பலர் கவனிப்பதே இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய டியூப் லைட்டும் மலிவு எல்இடி விளக்கும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/60 நொடியில் வைத்து எடுத்தால் கோயில் மண்டபச் சுவரில் கருப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே போகும். மெனுவில் PAL என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமில், ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டை அடங்கிவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் 30, 60 என்று சொல்லிக்கொடுப்பதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவர்களில் பலர் இருப்பது 60 ஹெர்ட்ஸ் ஊரில்.

4கே பற்றிக் கேட்பார்கள். இருந்தால் நல்லதுதான். ஒரே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, எடிட் செய்யும்போது முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாலும் ஃபுல் எச்டி தரம் கெடாது. ஆனால் பெட்டியில் 4கே என்று எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் வேறு வேறு. கெனன் எம்50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்தது, திரை முன்பக்கம் திரும்பும், மைக் துளை உண்டு, தொடக்கக்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் கேமரா. அதில் 4கே போட்டால் படம் இன்னும் 1.6 மடங்கு வெட்டப்படும். கூடவே வரும் 15-45 லென்ஸின் அகலமான முனைகூட ஃபுல் ஃபிரேம் கணக்கில் 38 மில்லிமீட்டர் போல ஆகி, காட்சி குறுகிவிடும். லயத்து வீட்டு முன்னறையில் அதை வைத்துக்கொண்டு முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாலும், தாத்தாவும் பக்கத்தில் பாட்டியும் சேர்ந்து படத்துக்குள் வர மாட்டார்கள். போதாக்குறைக்கு, கெனனின் பெருமையான, டூயல் பிக்சல் என்ற தானியங்கி ஃபோக்கஸும் 4கே-இல் வேலை செய்யாது. ஆகவே எம்50-ஐ ஃபுல் எச்டி கேமரா என்று நினைத்து வாங்குங்கள். அப்படி நினைத்தால் அருமையான கேமரா. 2017-இல் வந்த கெனன் 200டி-யும் அதே ரகம்தான், 4கே இல்லை, மைக் துளை உண்டு.

ஃபோக்கஸ் என்று வரும்போது நீங்கள் என்ன எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோவில் காவடி நம்மைப் பார்த்து ஆடிக்கொண்டே வரும். உறுமி மேளம் பக்கத்தில் அதிரும், குறுக்கே ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் முகத்தை விடாமல் பிடித்துக்கொள்வது கெனனின் டூயல் பிக்சலும் சோனியும்தான். நான் வைத்திருக்கும் பெனசோனிக் ஜி85 அங்கே தடுமாறும். முன்னும் பின்னும் தேடி, ஒரு நொடி படம் மங்கி, பிறகு நிற்கும். அப்புறம் ஏன் அதை வாங்கினேன் என்றால், என் வேலையில் பெரும்பங்கு உட்கார்ந்து பேசுகிறவர்கள். ஃபோக்கஸை ஒரு தடவை கையால் வைத்துவிட்டால் அவர்கள் நகரப்போவதில்லை. ஜி85-இன் பாடிக்குள்ளேயே சென்சாரைத் தாங்கிப் பிடிக்கும் அதிர்வு தடுப்பு இருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு காட்டு ரோட்டில் நின்று எடுத்தாலும் படம் குலுங்காது. 12-60 கிட் லென்ஸோடு சேர்த்துத் தூறலைத் தாங்கும். சாயங்கால மழை எப்போது கொட்டும் என்று தெரியாத பேராவில் அது பெரிய நிம்மதி. 4கே-வும் உண்டு. ஒலி அளவைக் கையால் கூட்டிக் குறைக்கலாம், மீட்டரைத் திரையில் பார்க்கலாம். ஹெட்போன் துளை இல்லாததுதான் குறை. அதனால் மீட்டரில் கண் வைத்தே எடுக்கிறேன். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி வைத்தால் திடீரென்று சத்தமாகச் சிரித்தாலும் ஒலி உடையாது. உறுமிக்கு ஆட்டோவை நம்பவே கூடாது; அளவை நன்றாகக் குறைத்து வைத்து எடுங்கள். உடைந்துபோன மேளச் சத்தத்தை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது.

புதுசு வேண்டும், இன்னும் கொஞ்சம் காசு போட முடியும் என்பவர்களுக்கு 2021-இல் வந்த சோனி இசட்வி-இ10. மைக் துளை, ஹெட்போன் துளை இரண்டும் உண்டு, ஃபோக்கஸ் உறுதியானது. வியூஃபைண்டர் இல்லை, பாடியில் அதிர்வு தடுப்பு இல்லை. நடந்துகொண்டே எடுப்பவர் இதை யோசித்துக்கொள்ளவும். லென்ஸ் மாற்றுகிற வேலையே வேண்டாம், பள்ளி விளையாட்டுப் போட்டியில் திடலின் அந்தக் கோடிவரை எட்ட வேண்டும் என்கிற ஆசிரியர்களுக்கு பெனசோனிக் எஃப்இசட்1000. ஒரு இஞ்ச் சென்சார், 25-இலிருந்து 400 மில்லிமீட்டர் வரை ஜூம், 4கே, மைக் துளை. பருமனான கேமராதான், ஆனால் பகலில் அதன் விலைக்கு அது செய்கிற வேலையைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

அரை மணி நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. எம்50, 200டி போன்றவை ஒரே ஓட்டத்தில் 29 நிமிடம் 59 நொடி வரைதான் பதியும். நம் ஊர்க் கடைகளில் விற்ற ஜி85-உம் அப்படித்தான். இயந்திரத்தின் பலவீனம் அல்ல, ஐரோப்பியச் சுங்க வரிதான் காரணம். 30 நிமிடம் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து பதிந்தால் அது வீடியோ கேமரா என்று கணக்கிட்டு அதிக வரி போட்டார்கள். தயாரிப்பாளர்கள் ஒரு நொடி குறைத்துக்கொண்டார்கள். இப்போது அந்த வரி போய்விட்டது, இசட்வி-இ10 போன்ற பிற்காலக் கேமராக்களில் இந்தத் தடை இல்லை. பழையது வைத்திருப்பவர்கள் 25-ஆவது நிமிடத்தில் "பாட்டி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசலாமே" என்று சொல்லி நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். கதையின் நடுவில் கேமரா தானாக நின்றுபோவது மட்டும் கூடாது. அவர்கள் அதே கதையை இரண்டாவது தடவை அதே மாதிரி சொல்வதில்லை.

இரண்டாம் கையில் வாங்குகிறீர்கள் என்றால் ஆளை நேரில் பார்த்து, கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் காசு கொடுங்கள். சொந்த மைக்கைக் கொண்டுபோய்க் குத்துங்கள். கம்பியை லேசாக ஆட்டும்போது கரகர என்றால் துளை தளர்ந்திருக்கிறது. கார்டு போட்டு இருபது நிமிடமாவது பதிய விடுங்கள். சூடாகி நிற்கிற கேமரா அங்கேயே தெரிந்துவிடும். சோனி ஏ6300 போன்றவை 4கே-இல் நீண்ட நேரம் ஓடினால் சூட்டில் நின்றுபோகும் என்ற பெயர் எடுத்தவை, நம் மதிய வெயிலில் கேட்கவே வேண்டாம். லென்ஸைக் கழற்றி, கைத்தொலைபேசியின் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பலர் கவலைப்படுவார்கள். வீடியோவுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

கடையில் ஏ.பி. செட் என்று சொன்னால், உள்ளூர் நிறுவன உத்தரவாதம் இல்லாமல் வெளியிலிருந்து கொண்டுவந்தது என்று அர்த்தம். கடை உத்தரவாதம் மட்டும் இருக்கும். விலை குறைவு, தெரிந்து வாங்கினால் தப்பில்லை. ஆனால் மெனுவைத் திறந்து பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த சோனி, பெனசோனிக் செட்களில் பல ஜப்பானிய மொழியில் மட்டுமே பேசும், மாற்ற முடியாது. சில மாடல்கள் விற்கப்பட்ட நாட்டைப் பொறுத்து 25, 50 ஃபிரேமே இல்லாமலும் வரும். தவுக்கே (கடை முதலாளி) பொறுமையாகக் காட்டினால் வாங்குங்கள், அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வாங்கிய பிறகு இந்த ஊரின் ஈரம்தான் கேமராவுக்கு எமன். அலமாரியில் தோல் பையோடு சேர்த்து வைத்தால் சில மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ட்ரை பாக்ஸ் வாங்கக் காசில்லை என்றால், காற்றுப் புகாத அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் சின்ன ஈரமானியும் போட்டு, ஈரப்பதம் 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடு காட்டிக் காயவைத்து மறுபடி போடலாம்.

கையில் 300 வெள்ளிதான் இருக்கிறது என்றால் கேமராவே வேண்டாம். இருக்கிற கைத்தொலைபேசிக்கு ஒரு மைக்கும் ஒரு சின்ன ஸ்டாண்டும் வாங்கிக்கொண்டு, அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடில் போட்டு, வாசல் வெளிச்சத்தில் தாத்தாவை உட்காரவைத்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். காசு சேர்த்துக் கேமரா வாங்கும்வரை காத்திருக்க நமக்கு நேரமிருக்கிறது, அவர்களுக்கு இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

கார்டு வாங்கும்போது வி30 என்ற குறி இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நொடிக்கு 30 எம்பி (மெகாபைட்) குறையாமல் எழுதும் என்று பொருள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி) 4கே-வில் ஒரு மணி நேரம் 45 ஜிபி பிடிக்கும், 64 ஜிபி கார்டு ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஓடும். 28 எம்பிபிஎஸ் ஃபுல் எச்டி என்றால் மணிக்கு 13 ஜிபிகூட ஆகாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். ஒன்று நம் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ. ஃபைல் பெயரில் தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், பேசியவர் பெயர், தேதி எல்லாம் இருக்கட்டும். கேமரா கொடுக்கும் எண்ணை அப்படியே விட்டால் அடுத்த வருஷம் நமக்கே எது யாருடையது என்று தெரியாது. கார்டை அழிப்பது, இரண்டு டிஸ்க்கிலும் ஃபைலைத் திறந்து கடைசி நிமிடம்வரை படமும் குரலும் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகுதான்.